பொருளும் அட்டவணையும்: பைத்தானில் ஓஆர்எம் எவ்வளவு தூரம் துணை வரும்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் மாணவர், பட்டுக்கோட்டையில் படித்தாலும் சென்னையில் படித்தாலும், தரவுத்தளத்தை முதலில் சந்திப்பது எஸ்கியூஎல் வழியாகத்தான். 2019-இல் வந்த புதிய பாடநூலில் பைத்தான் மொழி இருக்கிறது. தரவுத்தளக் கருத்துகளுக்கு ஒரு பாடம், எஸ்கியூஎல்லுக்கு ஒரு பாடம், பைத்தானிலிருந்து எஸ்கியூலைட்டை இயக்குவதற்குத் தனியே ஒரு பாடம் என்று ஒழுங்காகப் போகிறது. மாணவர் இணைப்பைத் திறக்கிறார், கர்சர் பெறுகிறார், மேற்கோள் குறிகளுக்குள் ஒரு எஸ்கியூஎல் வாக்கியத்தை எழுதி அனுப்புகிறார், வரிசைகள் திரும்பி வருகின்றன. என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்பது கண் முன்னே இருக்கிறது.

அதே மாணவர் கல்லூரியிலோ பயிற்சி மையத்திலோ பைத்தானின் வலைத்தளச் சட்டகமான ஜாங்கோவைக் கற்கத் தொடங்கியதும் எஸ்கியூஎல் காணாமல் போகிறது. அந்த இடத்தில், பொருளையும் அட்டவணையையும் பொருத்தும் ஓஆர்எம் வந்து உட்காருகிறது. அட்டவணை ஒரு பைத்தான் கிளாஸ் ஆகிறது, அதன் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள் ஆகிறது. ‘கொள்முதல்.விவசாயி.பெயர்’ என்று புள்ளி வைத்து எழுதினால் இன்னோர் அட்டவணையில் இருக்கும் தகவல் வந்து நிற்கிறது. (பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் இது வெறும் விளக்கத்துக்கான வரி இல்லை, ஓடக்கூடிய நிரல்.) இந்த வசதி நல்லதா, எந்த அளவுக்கு நல்லது, எங்கே கையைக் கடிக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓஆர்எம்மைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அது எழுதும் எஸ்கியூஎல்லைப் படிக்கப் பழகாதவர் கையில், பணக் கணக்குள்ள எந்த நிரலையும் ஒப்படைக்கக் கூடாது.

சிக்கலின் வேர் பழையது. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவுகளை உறவுகளாக, அதாவது அட்டவணைகளாக வைக்கும் முறையை முன்வைத்தார். எது வேண்டும் என்று சொன்னால் போதும், அதை எப்படித் தேடி எடுப்பது என்பது எந்திரத்தின் வேலை. 1974-இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கொரு மொழி அமைத்தார்கள். இன்றைய எஸ்கியூஎல் அதிலிருந்து வளர்ந்தது. இன்னொரு பக்கம் ஸ்மால்டாக், ஜாவா, பைத்தான் போன்ற மொழிகள் உலகத்தைப் பொருள்களாகப் பார்த்தன. ஒரு பொருள் இன்னொன்றைச் சுட்டும், அது மற்றொன்றைச் சுட்டும். தரவுத்தளத்துக்கு இயல்பான அலகு வரிசைகளின் கூட்டம். நிரலுக்கு இயல்பான அலகு தனிப் பொருள். ஓஆர்எம்மில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

பைத்தான் உலகில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒவ்வொரு மாதிரி பேசுவதைத் தவிர்க்க, பெப் 249 என்ற பொது ஒப்பந்தம் வந்தது. பள்ளிப் பாடநூலில் வரும் கர்சர் அந்த ஒப்பந்தத்தின்படி அமைந்ததுதான். அதன் மேல் கட்டப்பட்ட ஆரம்ப கால ஓஆர்எம்களில் இயன் பிக்கிங் எழுதிய எஸ்கியூஎல்ஆப்ஜெக்ட் முக்கியமானது. பின்னர் இரண்டு பெரிய ஓட்டங்கள் பிரிந்தன. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழ் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய ஜாங்கோ 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. செய்தி அச்சேறும் நேரத்துக்குள் நிரலும் முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்தது அது. 2006 பிப்ரவரியில் மைக் பேயரின் எஸ்கியூஎல்ஆல்கெமி வந்தது. அது அவசரத்தில் பிறந்ததல்ல. எஸ்கியூஎல்மீது மதிப்பு வைத்த ஒருவரின் பொறுமையான வேலை.

இந்த இரண்டுக்கும் பின்னால் இரண்டு வடிவமைப்புகள் உள்ளன. மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் எழுதிய நூலில் அவற்றுக்குப் பெயர் கொடுத்தார். ஆக்டிவ் ரெக்கார்ட் முறையில் பொருளே தன்னைச் சேமித்துக்கொள்ளும், தன்னை அழித்துக்கொள்ளும். ஜாங்கோ இந்த வகை. டேட்டா மேப்பர் முறையில் பொருளுக்குத் தரவுத்தளம் இருப்பதே தெரியாது. இடையில் ஒரு செஷன் நின்று, எந்தப் பொருள் மாறியது, எது புதியது என்று குறித்து வைத்து, எல்லாவற்றையும் சரியான வரிசையில் ஒரே மூச்சில் எழுதும். எஸ்கியூஎல்ஆல்கெமி அந்த வகை. புதிதாகக் கற்பவருக்கு முதலாவது எளிது. சிக்கலான தரவோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியவருக்கு இரண்டாவது நிம்மதி தரும்.

கோட்பாட்டை விட்டுத் தரைக்கு வருவோம். ஓஆர்எம் பற்றிய பாடங்களில் எடுத்துக்காட்டாக வருவது பெரும்பாலும் புத்தகமும் ஆசிரியரும், இல்லாவிட்டால் கடையும் வாடிக்கையாளரும். நான் எடுத்துக்கொள்வது நம் பக்கத்து நெல் கொள்முதல். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் அறுவடை முடிந்ததும் நெல் போய்ச் சேரும் இடம், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையம். நான் சொல்லப்போவது அங்கே ஓடும் மென்பொருளைப் பற்றி அல்ல. எல்லாருக்கும் தெரிந்த அந்த நடைமுறையை வைத்து நானே வரைந்துகொண்ட மாதிரி இது.

முதல் வரைபடம் சுலபமாகத் தோன்றும். விவசாயி ஓர் அட்டவணை, நிலம் ஓர் அட்டவணை, ஒரு விவசாயிக்குப் பல நிலங்கள். ஆனால் டெல்டாவில் இந்த வரைபடம் முதல் நாளே உடையும். கூட்டுப் பட்டாவில் ஒரு நிலத்துக்கு நான்கு பங்காளிகள் இருப்பார்கள். கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய உள்ள ஊர்களில் பட்டா ஒரு பெயரில் இருக்கும், உழுபவர் வேறொருவர். குத்தகைப் பதிவுக்கென்றே 1969-இல் தனிச் சட்டம் வந்த மாநிலம் இது. எனவே நிலத்துக்கும் மனிதருக்கும் இடையே ‘உரிமை’ என்ற அட்டவணை வேண்டும், ‘சாகுபடி’ என்று இன்னோர் அட்டவணையும் வேண்டும். சாகுபடி அட்டவணையில் வருவாய்த்துறைக் கணக்கின் பசலி ஆண்டும் இருக்க வேண்டும், ஏனென்றால் கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கல் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. ஜாங்கோவில் பலருக்குப் பல என்ற உறவை ஒரே வரியில் அறிவிக்கலாம். அந்த ஒரு வரியில் மயங்கி, நடுவில் தானாக உருவாகும் அட்டவணையை மறந்துவிட்டால், பங்கின் அளவையும் குத்தகைக் காலத்தையும் எழுத இடம் இருக்காது. நடு அட்டவணையை நாமே கிளாஸாக எழுதிவிடுவதே நல்லது. உறவு என்பதும் ஒரு பொருள்தான் என்பது டெல்டா நிலத்தைப் பார்த்தால் உடனே புரியும்.

புல எண்ணை எண் வகையில் வைக்கக் கூடாது. 112/3அ என்பது எண் இல்லை, எழுத்து. ஆண்டும் ஒன்றல்ல. 1434-ஆம் பசலி 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. கொள்முதல் பருவமோ நம் மாநிலத்தில் செப்டம்பரில் தொடங்குகிறது. 2025 ஆகஸ்டில் போட்ட நெல் 1435-ஆம் பசலியில் வரும், ஆனால் விலை 2024–25 பருவத்துக்குரியது. அந்தப் பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,450 ரூபாய், அடுத்த பருவத்தில் 2,545 ரூபாய். விலையைப் பருவ அட்டவணையில் மட்டும் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் புள்ளி வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், யாராவது பருவ விலையைத் திருத்தினால் பழைய பட்டியல்களெல்லாம் தாமாக மாறிவிடும் என்பதை யோசிப்பதில்லை. பட்டியல் போட்ட நேரத்து விலை பட்டியலிலேயே இருக்க வேண்டும், அதுவும் டெசிமல் வகையில். எஸ்கியூலைட்டுக்கு உண்மையான டெசிமல் கிடையாது. கற்றுக்கொள்ள அது போதும், பணக் கணக்குக்குப் போஸ்ட்கிரெஸ் வேண்டும்.

இனி கேள்வி கேட்பதற்கு வருவோம். ஜாங்கோவில் ‘விவசாயி__கிராமம்__பெயர்’ என்று இரட்டை அடிக்கோடு போட்டு வடிகட்டினால், இரண்டு ஜாயின்களைக் கொண்ட எஸ்கியூஎல் எழுதப்படுகிறது. இது அழகான வசதி, மறுப்பதற்கில்லை. இன்னொரு நல்ல குணம் சோம்பல். வடிகட்டியை எழுதிய நொடியில் எதுவும் நடக்காது. வரிசைகளை நாம் உண்மையில் கேட்கும்போதுதான் தரவுத்தளத்துக்குச் செய்தி போகும். ஆகவே ஒரு கேள்வியைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம்: முதலில் கிராமம், பின்னர் தேதி, பின்னர் ரகம், கடைசியில் முதல் ஐம்பது மட்டும். அனுப்பப்படுவது ஒரே கேள்வி.

ஆனால் அதே சோம்பல்தான் எல்லாரும் பேசும் ‘என் பிளஸ் ஒன்’ சிக்கலுக்கும் காரணம். ஒரு நாளின் 400 பட்டியல்களை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் விவசாயியின் பெயரை அச்சிடச் சொன்னால், முதல் கேள்வி 400 பட்டியல்களைக் கொண்டுவரும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி. மொத்தம் 401. தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் வேறுபாடு தெரியாது. சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்து, நம் இணைய இணைப்பும் சுமாராக இருந்தால், திரை உறைந்து நிற்கும். மருந்து எளிது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்றால் ஜாயின் போட்டு ஒரே கேள்வியாகும். ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் என்றால் இரண்டாவதாக ஒரே ஒரு கேள்வியில் தேவையான எல்லாரையும் எடுத்துவரும். எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஜாயின்ட்லோடும் செலக்ட்இன்லோடும் அதே வேலையைச் செய்கின்றன. அங்கே ரெய்ஸ்லோட் என்ற கண்டிப்பான வழியும் உண்டு. முன்கூட்டிக் கேட்காத உறவைத் தொட்டால் பிழை என்று நிறுத்திவிடும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடிக்கும். ஜாங்கோவில் அதற்கு ஈடாக, இந்தப் பக்கம் இத்தனை கேள்விகளுக்குமேல் கேட்கக் கூடாது என்று சோதனையிலேயே எழுதி வைக்கலாம்.

என் பிளஸ் ஒன் மெதுவாக்கும், அவ்வளவுதான். விடை தவறாகாது. விடையே தவறாகும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி இங்கே போதிய பேச்சு இல்லை. ஒரு விவசாயி மூன்று தவணையாக 40, 60, 50 மூட்டை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 40 கிலோ. ஆக 150 மூட்டை, 60 குவிண்டால். குவிண்டால் 2,450 ரூபாய் வீதம் அவருக்கு முதல் இரண்டு தவணைக்கும் சேர்த்து 98,000 ரூபாயும் மூன்றாவதற்கு 49,000 ரூபாயும் வங்கியில் ஏறியிருக்கின்றன. மொத்தம் 1,47,000. இப்போது ஒவ்வொரு விவசாயிக்கும் மொத்த மூட்டையையும் மொத்தப் பணத்தையும் ஒரே வரியில் காட்டு என்று ஜாங்கோவிடம் கேட்கிறோம். இரண்டு கூட்டல்களையும் ஒரே அனோட்டேட்டில் எழுதுகிறோம். படிக்க மிக இயல்பான வரி. பிழைச் செய்தி வராது. விடை: 300 மூட்டை, 4,41,000 ரூபாய்.

நடந்தது இதுதான். கொள்முதல் அட்டவணையையும் பணம் செலுத்திய அட்டவணையையும் ஒரே நேரத்தில் ஜாயின் செய்ததால், மூன்று தவணையும் இரண்டு செலுத்தலும் பெருகி ஆறு வரிசைகள் ஆகின்றன. ஒவ்வொரு தவணையும் இருமுறை கூட்டப்படுகிறது, ஒவ்வொரு செலுத்தலும் மும்முறை. ஜாங்கோவின் ஆவணங்களே இதை எச்சரிக்கின்றன. ஆனால் ஆவணத்தை அந்தப் பக்கம் வரை படிப்பவர் குறைவு. ஒரே தவணையும் ஒரே செலுத்தலும் உள்ள சோதனைத் தரவில் விடை சரியாகவே வரும் என்பதால், தவறு வெளியே தெரிவது அறுவடை உச்சத்தில்தான். 2017-இல் வந்த 1.11 பதிப்பிலிருந்து சப்குவரி வசதி இருக்கிறது. இரண்டு கூட்டல்களையும் தனித்தனி உள்கேள்விகளாக எழுதிவிட்டால் கணக்கு சரியாகும். எஸ்கியூஎல் தெரிந்தவருக்கு அந்த ஆறு வரிசைகள் மனக்கண்ணில் உடனே தெரியும். தெரியாதவர் எத்தனை முறை அந்தப் பைத்தான் வரியைப் பார்த்தாலும் அதில் குற்றம் காண முடியாது, ஏனென்றால் அந்த வரியில் குற்றம் இல்லை. அதன் அடியில் இருக்கும் கேள்வியில்தான் இருக்கிறது. பணக் கணக்கைப் பற்றி நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இந்த ஆறு வரிசைகள்தான்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதுவதும் இத்தகையதே. கிட்டங்கியில் 500 மூட்டை இருப்பு. ஒரு பட்டியல் எழுத்தர் 500 என்று படித்து 40 சேர்த்து 540 என்று எழுதுகிறார். அதே நொடியில் இன்னொருவர் 500 என்று படித்து 60 சேர்த்து 560 என்று எழுதுகிறார். நாற்பது மூட்டை கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. கூட்டலைப் பைத்தானில் செய்யாமல் எஃப் எக்ஸ்பிரஷன் மூலம் தரவுத்தளத்தையே செய்யச் சொல்ல வேண்டும், அல்லது வரிசையைப் பூட்டிவிட்டுத் திருத்த வேண்டும்.

சரிபார்ப்பு பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. ஜாங்கோ மாடலில் விதிகளை எழுதிவிட்டால் தவறான தரவு உள்ளே வராது என்று பலர் நம்புகிறார்கள். சேவ் அழைக்கும்போது அந்த விதிகள் தாமாக ஓடுவதில்லை. பல்க் கிரியேட்டில் மொத்தமாக ஏற்றும்போதும் ஓடுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை அறுத்து அகற்ற 500 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டு, மரங்கள் எண்ணப்பட்டன. அப்படியொரு கணக்கெடுப்பைப் பதிவு செய்யும் நிரலை நினைத்துப் பாருங்கள். பல பேர், பல ஊர், அவசரம். ஒரே தோப்பு பட்டாதாரர் பெயரில் ஒருமுறையும் குத்தகைக்காரர் பெயரில் ஒருமுறையும் ஏறக்கூடிய நிலை. ‘இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு’ என்ற ஓஆர்எம் வசதி இங்கே தனியாகக் காப்பாற்றாது. இரண்டு பேர் ஒன்றாகக் கேட்டால் இருவருக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும். கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்தால்தான் பாதுகாப்பு. ஜாங்கோ 2.2 முதல் அதை மாடலிலேயே அறிவிக்கலாம். ஈரப்பதம் போன்றவற்றுக்கு மட்டும் நிரந்தரக் கட்டுப்பாடு வைக்க வேண்டாம். வழக்கமான வரம்பு 17 விழுக்காடு என்றாலும் மழை ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியிருக்கிறது. வரம்பு பருவ அட்டவணையில் இருக்க வேண்டிய செய்தி.

தமிழ் எழுத்தில் தரவு வைப்பவர்களுக்கு இன்னொரு பெரிய பாடம் காத்திருக்கிறது, அதை ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. ‘பட்டுக்கோட்டை’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகள். கேர்ஃபீல்டுக்கு நீளம் குறிக்கும்போது எண்ணப்படுவது அந்தக் குறியீடுகளைத்தான். எனவே ஆங்கிலப் பெயருக்கு வைத்த அளவைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் நீண்ட பெயர்கள் இடம் போதாமல் பிழை தரும். இதைவிட நுட்பமானது ‘கோ’. இதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஏற்றிய பெயரும் இன்று தட்டச்சு செய்த பெயரும் இப்படிப் பிரிந்து நின்றால், ‘கோவிந்தசாமி’ என்று தேடுபவருக்குப் பாதிப் பேர்தான் கிடைப்பார்கள். பைத்தான் தன் மாறிகளின் பெயர்களை மட்டும் தானே ஒருமைப்படுத்திக்கொள்கிறது. நம் தரவை அது தொடாது. சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றும் சிறிய சிறப்பு ஃபீல்டு ஒன்றை எழுதி எல்லா மாடல்களிலும் அதையே பயன்படுத்தலாம். ஓஆர்எம் தரும் உண்மையான பலன்களில் இது ஒன்று. நேரடி எஸ்கியூஎல்லில் இந்த ஒழுங்கை ஒவ்வொரு இடத்திலும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோடு அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. ழ, ள இரண்டும் வ-வுக்கு முன்னால் வருகின்றன. புள்ளிக்குறி எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. குறியீட்டு வரிசையிலேயே அடுக்கினால் ‘அக்கா’ ‘அகிலா’வுக்குப் பின்னால் போகும். தமிழ் அகராதி அப்படி அடுக்காது. போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு தொகுப்பின் தமிழ் வரிசை முறையைப் பயன்படுத்த முடிகிறது. ஜாங்கோ 3.2 முதல் அதை ஃபீல்டிலேயே அறிவிக்கலாம். ஆனால் ரங்கசாமியும் அரங்கசாமியும் ஒரே ஆள்தானா என்ற கேள்விக்கு எந்த ஓஆர்எம்மிடமும் விடை இல்லை. மாற்றுப் பெயர்களுக்கென்று ஓர் அட்டவணை வைத்து மனிதர்களே தீர்க்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் ஓஆர்எம்மின் தரப்பு வலுவானது. பயனர் தட்டிய சொல்லை எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டவைத்து எழுதுவதால் வரும் ஊடுருவலை அது இயல்பாகவே தடுக்கிறது, மதிப்புகளைத் தனியே அனுப்புவதால். முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில் ஜாங்கோவின் அனோட்டேட் உள்ளிட்ட சில வசதிகளிலேயே, நெடுவரிசைக்கு வைக்கும் பெயர் வழியாக ஊடுருவ முடியும் என்று கண்டுபிடித்து அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். மதிப்பை வெளியாரிடமிருந்து வாங்கலாம், பெயரை வாங்கக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? வலைத்தளமும் நிர்வாகத் திரையும் சேர்ந்து வேண்டுமென்றால் ஜாங்கோதான். அதன் அட்மின் பக்கம் ஒன்றுக்காகவே சிறிய அரிசி ஆலைக்கும் தேங்காய் மண்டிக்கும் நான் அதைப் பரிந்துரைப்பேன். இன்ஸ்டாகிராம் 2010-இல் ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸும் கொண்டுதான் புறப்பட்டது என்பதால் வளர்ச்சிக்குத் தாங்காது என்ற அச்சமும் வேண்டாம். அறிக்கைகளும் சிக்கலான கணக்குகளும் மிகுந்த வேலைக்கு எஸ்கியூஎல்ஆல்கெமி. அதன் அடித்தட்டில் கோர் என்ற பகுதி தனியாக இருக்கிறது. அது எஸ்கியூஎல்லை மறைப்பதில்லை, பைத்தானில் எழுதவைக்கிறது. 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில் கோருக்கும் ஓஆர்எம்முக்கும் ஒரே செலக்ட் நடை ஆனபின், கற்பதும் எளிதாகியிருக்கிறது. சார்லஸ் லைஃபரின் பீவீ சிறிய கருவிகளுக்குப் போதும். செபஸ்டியன் ராமிரெஸின் எஸ்கியூஎல்மாடல், எஸ்கியூஎல்ஆல்கெமியையே பைடான்டிக் சரிபார்ப்போடு இணைக்கிறது. போனி ஓஆர்எம் பைத்தானின் ஜெனரேட்டர் வாக்கியத்தையே பிரித்துப் படித்து எஸ்கியூஎல் ஆக்குகிறது. படித்து வியக்கலாம், தொழிலுக்கு நான் எடுக்க மாட்டேன். மறைப்பின் ஆழம் அங்கே மிக அதிகம்.

நம் நாட்டிலிருந்தே வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே, அதன்மேல் கட்டப்பட்ட இஆர்பிநெக்ஸ்ட். இங்கே அட்டவணையை டாக்டைப் என்ற பெயரில் உலாவியிலேயே வரையலாம், அதிலிருந்து திரையும் அனுமதிகளும் தாமாக உருவாகின்றன. கணக்கு, இருப்பு, பட்டியல் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் ஓர் ஆலையின் மென்பொருளைப் பூச்சியத்திலிருந்து எழுதுவதைவிட இது புத்திசாலித்தனம். பெல்ஜியத்தின் ஓடூவும் பைத்தானில் தனக்கென ஓர் ஓஆர்எம் வைத்திருக்கிறது. இவற்றில் வேலை பழகிய இளைஞர் பட்டுக்கோட்டையிலிருந்தபடியே பிழைக்க முடியும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஓஆர்எம்மே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். டெட் நியூவர்ட் 2006-இல், பொருளையும் அட்டவணையையும் பொருத்தும் முயற்சியைக் கணினித் துறையின் வியட்நாம் போர் என்று எழுதினார். தொடக்கத்தில் எளிதான வெற்றிகள், போகப் போக வெளியேற வழியில்லாத சேறு என்பது அவர் வாதம். ஜாவா உலகத்தின் அன்றைய கனத்த கருவிகளுக்கு அது பொருந்தியது. பைத்தானில் வெளியேறும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. எந்தக் கேள்வியையும் நேரடி எஸ்கியூஎல்லாக எழுதலாம், மற்றதை ஓஆர்எம்மிடம் விடலாம். என் பங்கீடு இது: பதிவு, திருத்தம், சிறு தேடல் எல்லாம் ஓஆர்எம்; மாதக் கடைசி அறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கையால் எழுதிய எஸ்கியூஎல். தமிழில் எஸ்கியூஎல் கற்க விரும்புவோருக்கு து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ இலவச மின்னூலாகவே கிடைக்கிறது. ஜாங்கோ வகுப்புக்குப் போகும் முன் அதை முடித்துவிட்டுப் போகலாம். வகுப்பு நடத்துபவர்கள், ஒவ்வொரு கேள்வியின் எஸ்கியூஎல்லையும் திரையில் காட்டும் வசதியை முதல் நாளிலேயே இயக்கிவிட்டால் பாதிச் சிக்கல் வராது. எஸ்கியூஎல்ஆல்கெமியில் அது ஒரே ஒரு அமைப்பு. ஜாங்கோவுக்கு டீபக் டூல்பார் இருக்கிறது.

அட்டவணையின் வடிவம் காலப்போக்கில் மாறுவதைச் சமாளிப்பதில் ஓஆர்எம்களின் சாதனை பெரிது. ஆண்ட்ரூ காட்வின் எழுதிய சவுத் என்ற தனிக் கருவி, 2014-இல் ஜாங்கோ 1.7-இல் மைக்ரேஷனாக உள்ளேயே வந்தது. எஸ்கியூஎல்ஆல்கெமிக்கு அலெம்பிக். தரவுத்தள நிர்வாகி என்று ஒருவரை வைத்துக்கொள்ள முடியாத சிறிய அலுவலகத்துக்கு இது பெரிய துணை. ஓட்டுவதற்கு முன் அது எழுதப்போகும் எஸ்கியூஎல்லை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அட்டவணையின் வடிவம் மாறுவதை இப்படிக் கையாளலாம். உள்ளே இருக்கும் நிலமே மாறினால்? பாகப்பிரிவினை ஆகி, 112/3 என்ற புலம் 112/3அ, 112/3ஆ என்று உட்பிரிவாகிறது. போன பசலியின் கொள்முதல் பழைய எண்ணைச் சுட்டுகிறது, இந்தப் பசலியினது புதிய எண்ணை. வழக்கமான ஓஆர்எம் மாடல் இன்றைய நிலையை மட்டுமே அறியும். பழைய வரிசையைத் திருத்தினால் வரலாறு பொய்யாகும், அழித்தால் பட்டியல்கள் அநாதையாகும். ஒவ்வொரு உரிமை வரிசைக்கும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற காலத்தைச் சேர்த்து, பழைய புலத்திலிருந்து புதிய புலங்களுக்கு ஒரு வழித்தோன்றல் அட்டவணையும் வைப்பதே நான் கண்ட நேர்மையான வழி. ஒரே புலத்துக்கு ஒரே காலத்தில் இரண்டு முழு உரிமைகள் வராதபடி போஸ்ட்கிரெஸின் விலக்குக் கட்டுப்பாடு தடுக்கும். ஜாங்கோ 3.0 முதல் அதை மாடலிலேயே எழுத முடிகிறது. 2025-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 18 இதற்கு மேலே போய், முதன்மைச் சாவியிலும் அயல் சாவியிலுமே காலத்தைச் சேர்க்க இடம் தருகிறது. இந்த வசதியைப் பைத்தானில் வழக்கமான கிளாஸ்போல இயல்பாக எழுதும் நாள் வரும்வரை, அந்தச் சில வரிகளை மைக்ரேஷனுக்குள் நேரடி எஸ்கியூஎல்லாக நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.